படங்களில் பழைய சென்னை

அன்புள்ள மகளுக்கு,

புனித ஜார்ஜ் கோட்டையைக் காட்டும் பழைய படங்களில் பல, கடலிலிருந்து கரையைப் பார்க்கும் கோணத்தில் அமைந்தவை. கப்பலில் வந்த வணிகர்களின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் காட்சிதான். கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் இடம் பெற்றுக் கட்டிய கோட்டையைச் சுற்றியே நகரமும் வளர்ந்தது, அதன் படங்களும் பெருகின.

1730களின் தொடக்கத்தில் கம்பெனியின் லண்டன் தலைமையகத்துக்காக ஜார்ஜ் லாம்பர்ட்டும் சாமுவேல் ஸ்காட்டும் கோட்டையை ஓவியமாகத் தீட்டினர். கட்டடங்கள் லாம்பர்ட்டின் கைவண்ணம், கப்பல்கள் ஸ்காட்டுடையவை. இருவருமே இந்தியாவுக்கு வந்ததில்லை. கம்பெனியின் செல்வாக்கைக் காட்டுவதே அந்த ஓவியத்தின் நோக்கம். அது சென்னையைப் பற்றிச் சொல்வதைவிட, அதை வரையச் சொன்னவர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

நேரில் வந்து வரைந்தவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும். 1792–93இல் தென்னிந்தியாவில் பயணம் செய்த அவர்கள், காட்சியைத் தாளில் விழச் செய்யும் இருட்டுப் பெட்டிக் கருவியின் (camera obscura) துணையோடு காட்சிகளைப் பதிவுசெய்து, பிறகு லண்டனில் அச்சிட்டனர். அவர்களுடைய கோட்டைப் படத்தில் அலையும் படகும் முன்னே நிற்கின்றன. அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆளும் சரக்கும் மசூலா படகில் கரை சேர்ந்தன. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும்.

ஓவியத்தில் இல்லாததை வரைபடம் காட்டும். ஆளுநர் தாமஸ் பிட்டின் பெயரோடு அறியப்படும் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்க வரைபடத்தில், கோட்டைக்கு வடக்கே அதை ஒட்டியே, இந்தியர் வாழ்ந்த ‘கறுப்பர் நகரம்’ தெருத்தெருவாக விரிகிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. அந்தப் போர்க்காலங்களில், மதிலை நெருங்கும் எதிரிக்கு மறைவிடம் ஆகக் கூடாது என்று கறுப்பர் நகரத்து வீடுகள் இடிக்கப்பட்டன. மக்கள் மேலும் வடக்கே குடியேறினர். அவர்கள் குடியேறிய பகுதியே இன்றைய ஜார்ஜ் டவுன். பழைய தெருக்கள் இருந்த நிலத்தில் 1892இல் உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது.

1850களில் சென்னையில் புகைப்படம் வேரூன்றியது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொடக்ககாலத் தகடுகளில் ஒளி பதிய நேரம் பிடித்ததால், நடமாடியவர்கள் மங்கினர் அல்லது மறைந்தே போயினர். அத்தகைய படத்தில் வெறிச்சோடித் தெரியும் தெரு, உண்மையில் கூட்டம் நிறைந்ததாக இருந்திருக்கலாம்.

ஆகவே பழைய படம் எதுவானாலும் நான்கு கேள்விகள் முக்கியம்: படைத்தவர் யார், எங்கே நின்று பார்த்தார், யாருக்காகச் செய்தார், எதை விட்டுவிட்டார்? ஓவியம், வரைபடம், புகைப்படம் மூன்றையும் அருகருகே வைத்து இவற்றைக் கேட்டால், ஒன்று மறைத்ததை மற்றொன்று சொல்லிவிடும். நகரத்தின் வரலாறு அந்த ஒப்பீட்டில்தான் துலங்கும்.

அன்புடன்,
அப்பா