மோட்டோகிராஸ் காகிள்ஸ்: நிறத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள்

மோட்டோகிராஸ் தடத்தில் முன்னால் பாயும் வண்டியின் பின்சக்கரம் மண்ணையும் கல்லையும் வாரி இறைத்துக்கொண்டே போகும். ரைடர்கள் இதை ‘ரூஸ்ட்’ என்பார்கள். மோட்டோகிராஸ் ஹெல்மெட்டில் மூடும் கண்ணாடி கிடையாது. மேல்மூச்சு வாங்க ஓட்டுகிறவருக்குக் காற்று தாராளமாக வேண்டும் என்பதால் முன்பக்கம் திறந்தே இருக்கும். ஆகவே, பறந்து வரும் கல்லுக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது காகிள்ஸ் மட்டும்தான். ஆனால் பலரும் லென்ஸின் பளபளப்பில் மயங்கியே அதை வாங்குகிறார்கள்.

செய்ய வேண்டியவை

• உங்கள் ஹெல்மெட்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். முதலில் காகிள்ஸை மட்டும் முகத்தில் வைத்துப் பாருங்கள். நெற்றி, பொட்டு, கன்னம், மூக்குத்தண்டு என எல்லா இடத்திலும் ஃபோம் ஒட்டி உட்கார வேண்டும். பிறகு ஹெல்மெட்டுடன் மாட்டித் தலையை ஆட்டுங்கள், தாடையை அசையுங்கள். ஹெல்மெட்டின் திறப்பு சிறியதாக இருந்தால் ஃபிரேமின் ஓரங்களை நெருக்கும். மூக்கருகே இடைவெளி விழும் அல்லது மூக்கு அழுந்தி மூச்சு முட்டும். கோடையில் செம்மண் தடத்தில் எழும் மாவுப் புழுதிக்கு அந்தச் சிறு இடைவெளி போதும்.

• ஃபோம் மூன்றடுக்காக, முகத்தில் படும் பகுதி வியர்வையை உறிஞ்சும் மென்துணியாக இருக்கட்டும். நம் வெயிலில் மெல்லிய ஃபோம் சீக்கிரம் ஊறிப்போகும். வியர்வை நேரே கண்ணில் இறங்கும்.

• பாலிகார்பனேட் லென்ஸா என்று கேட்டு வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் காகிள்ஸுக்கான ஐரோப்பியத் தர எண் ஈஎன் 1938. அந்த எண் பொறித்திருந்தால் நம்பிக்கை கூடும். அதே மாடலுக்கு மாற்று லென்ஸ் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

• ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் நிறமற்றதை எடுங்கள். மேகமூட்டத்திலும் மரநிழலிலும் பள்ளம் மேடு தெரியும்.

• ஈரத் தடத்தில் ஓட்டுவீர்கள் என்றால் டேர்-ஆஃப் தாள் மாட்டும் வசதி வேண்டும். சேறு படிந்ததும் மேல்தாளை உரித்துவிடலாம். கொட்டும் மழைக்கு ரோல்-ஆஃப் மேல்: கயிற்றை இழுத்தால் புதிய பிலிம் உருண்டு வரும், தடத்தில் குப்பையும் விழாது.

• பவர் கண்ணாடி போடுபவர்கள், கண்ணாடிக் காம்புக்கு இடம்விட்ட ‘ஓடிஜி’ வகையைக் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

• கூலிங்கிளாஸோடு தடத்தில் இறங்காதீர்கள். பக்கவாட்டில் வருவதை அது தடுக்காது.

• லென்ஸின் உள்பக்கத்தை விரலாலோ சட்டை நுனியாலோ தேய்க்காதீர்கள். ஆவி படியாமலிருக்கப் பூசிய பூச்சு அங்கேதான் இருக்கிறது. பெட்ரோலும் தின்னரும் பாலிகார்பனேட்டையே கெடுக்கும். தண்ணீர், மென்மையான சோப்பு, ஈரமான மென்துணி போதும்.

• சேறு அப்பிப் பார்வை மறைந்தது என்று காகிள்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டாதீர்கள். பந்தயத்தில் பெரிய ரைடர்களே இப்படிச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். அடுத்த வளைவில் முன்வண்டி இறைக்கும் கல் வெறும் கண்ணில் படும். ஓரமாக ஒதுங்கி, நின்று, துடைத்துவிட்டுப் போங்கள். ஒரு சுற்று போனால் போகட்டும்.

• கல் அடித்த லென்ஸையோ ஆழமாகக் கீறிய லென்ஸையோ மறுபடி மாட்டாதீர்கள். கீறல் எதிர்வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். விரிசல் அடுத்த அடியைத் தாங்காது.

• பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் காகிள்ஸைப் பட்டையை இறுக்கி மாட்டிவிடாதீர்கள். பட்டை எவ்வளவு இறுகினாலும் சிறிய முகத்தில் பெரிய ஃபிரேம் பொருந்தாது. சிறுவர் அளவு தனியாக விற்கிறார்கள். வண்டிக்கு அவ்வளவு செலவழிக்கும் பெற்றோர் இதற்கும் மனம்வைக்க வேண்டும்.