ரோஜாவில் பழ வாசம்: விற்பவர் அறிய வேண்டியவை

"நானா, ரோஸ் வாசம் உள்ள சென்ட் ஒன்று காட்டுங்க. ஆனா வயசானவங்க பூசுற மாதிரி வேணாம். பழ வாசமும் கலந்து வரணும்" என்று ஓர் இளம் பெண் கடைக்கு வந்து கேட்கிறாள். கடைக்காரர் அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வைத்து, "இது அசல் ரோஜாவில எடுத்தது, மகள்" என்கிறார். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அவர் அப்படிச் சொல்லவில்லை. மொத்த வியாபாரி தனக்குச் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். சிக்கல் 'அசல்' என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றிக் கொஞ்சம் படிப்போம்.

முதலில் ஒரு கணக்கு. வாசனைத் தொழிலுக்கான ரோஜா எண்ணெயில் பெரும் பகுதி பல்கேரியாவின் கசன்லக் பள்ளத்தாக்கிலிருந்தும் துருக்கியின் இஸ்பார்த்தாவிலிருந்தும் வருகிறது. இரண்டிலும் பயிராவது டமஸ்க் ரோஜா. ஹஜ், உம்ரா சென்று வந்தவர்கள் தாயிஃப் ரோஜாவையும் அறிவார்கள். அதுவும் இந்தக் குடும்பம்தான். பல்கேரியாவில் மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் சில வாரங்கள் மட்டுமே அறுவடை. வெயில் ஏறினால் பூவில் உள்ள எண்ணெய் குறைந்து விடும் என்பதால் விடியற்காலையிலேயே கையால் பறிக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய் வடிக்க ஏறக்குறைய 3,500 முதல் 4,000 கிலோ பூ தேவை.

இதை நமது தோலாக் கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு தோலா சுமார் 11.66 கிராம். அதாவது ஒரு தோலா ரோஜா எண்ணெய்க்குள் 40 கிலோவுக்கு மேற்பட்ட பூ இருக்கிறது. 40 கிலோ பூவைப் பறித்த கூலி, வடித்த செலவு, கப்பல் கட்டணம், சுங்க வரி, இடைத்தரகரின் இலாபம் எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாவுக்குள் அடங்குமா? அடங்காது. அந்த விலைக்கு வரும் எதுவும் வடித்த ரோஜா எண்ணெயாக இருக்க முடியாது. வேறு பரிசோதனை எதுவும் தெரியாத வியாபாரிக்கும் இந்தக் கணக்கு ஒன்றே பெரிய காவல்.

வேறு பரிசோதனைகளும் இருக்கின்றன. வடித்த ரோஜா எண்ணெயில் இயற்கையான மெழுகு உண்டு. குளிரூட்டியில் வைத்தால் அது படிகமாகக் கட்டும். கையில் பிடித்தால் உருகும். கட்டவே இல்லையென்றால் சந்தேகப்படலாம். ஆனால் கட்டினால் மட்டும் அசல் என்று முடிவு செய்துவிட வேண்டாம், மெழுகைக் கலந்து வைப்பவர்களும் உண்டு. பெரிய தொகைக்கு வாங்குபவர் ஐ.எஸ்.ஓ. 9842 என்ற ரோஜா எண்ணெய்த் தரத்தைக் குறிப்பிட்டு, ஆய்வுகூட அறிக்கையைக் கேட்டு வாங்குவதே ஒழுங்கு.

அப்படியானால் கடையில் இருக்கும் ரோஸ் சென்ட் எல்லாம் போலியா? இங்குதான் பலர் தவறுகிறார்கள். அந்தப் பெண் கேட்ட பழ வாசம் கலந்த ரோஜா சென்ட், பூவிலிருந்து நேரே வடித்து எடுத்தது அல்ல. அது ஒரு கலைஞர் பல பொருட்களைச் சேர்த்துக் கட்டிய வாசனை. பீச், லிச்சி, ரஸ்பெரி ஆகியவற்றைப் பூவைப் போல வடித்து, சென்டுக்குப் பயன்படும் எண்ணெய் எடுப்பதில்லை. பீச் வாசம் காமா அண்டிகலக்டோன் என்ற பொருளிலிருந்து வருகிறது. தொழிலில் அதற்கு 'அல்டிஹைட் சீ-14' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அது அல்டிஹைட்டே அல்ல! கெர்லன் நிறுவனம் 1919இல் வெளியிட்ட 'மிட்சூக்கோ'வில் அதைப் பயன்படுத்தியது. நூறு வருடத்துக்கும் மேலாகப் பழ வாசம் இப்படித்தான் செய்யப்படுகிறது.

ரோஜாவும் பழமும் ஏன் இவ்வளவு நன்றாகச் சேர்கின்றன என்பதற்கு ஓர் அழகான காரணம் இருக்கிறது. பழம் ரோஜாவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பல்கேரிய ரோஜா எண்ணெயை ஆராய்ந்த சுவிற்சர்லாந்தின் ஃபேர்மனிஷ் கம்பனியின் இரசாயனவியலாளர்கள் 1960களில் அதில் டமாஸ்செனோன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். எண்ணெயில் அது ஒரு வீதத்தைக்கூட எட்டாது. ஆனால் வெந்த அப்பிளும் பிளம்ஸும் கலந்தாற்போன்ற அதன் வாசம் மிகப் பலமானது. ரோஜாவின் மணத்தில் பெரும் பங்கு அதற்குண்டு. அதேபோல் ரோஸ் ஒக்சைட் என்ற பொருள் ரோஜா எண்ணெயிலும் இருக்கிறது, லிச்சிப் பழத்திலும் இருக்கிறது. லிச்சியை உரித்து வாயில் போடும்போது பன்னீர் ஞாபகம் வருவது அதனால்தான்.

இந்த உறவை வைத்துச் செய்யப்பட்ட பெயர் பெற்ற பெண்கள் வாசனைகள் பல. லங்கோம் 1990இல் வெளியிட்ட 'ட்ரெசோர்' ரோஜாவோடு பீச், அப்ரிகொட் சேர்ந்தது. அதைக் கட்டியவர் சோஃபியா க்ரொய்ஸ்மன் என்ற பெண்மணி. அதன் சூத்திரத்தில் மிகப் பெரும் பகுதி நான்கே நான்கு செயற்கைப் பொருட்கள் என்பது வாசனைத் துறையில் பிரபலமான விடயம். அதற்காக யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. அண்மைக் காலத்தில் 'பர்ஃபம்ஸ் டி மார்லி' நிறுவனத்தின் 'டெலினா' (2017) துருக்கி ரோஜாவுடன் லிச்சியும் ருபார்பும் சேர்த்து வந்தது. வளைகுடாவிலிருந்து வரும் பல பெட்டிகளில் இன்று மணப்பது அதன் சாயல்தான்.

ஆகவே கலவை என்பது குற்றமல்ல. கலவையை 'அசல் ரோஜா எண்ணெய்' என்று சொல்லி விற்பதுதான் குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் கூற்றுக்களைத் தடை செய்கிறது. 'எனக்கு மொத்த வியாபாரி சொன்னார்' என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு டுபாய் கம்பனி தனது சொந்தப் பெயரில், பிரபல சென்டின் சாயலில் ஒரு வாசனை செய்வது ஒன்று. பிரபல கம்பனியின் பெயரையும் பெட்டியையும் அப்படியே அச்சடித்து அதற்குள் எதையோ நிரப்புவது வேறொன்று. இரண்டாவது, வணிகக் குறித் திருட்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அதை விற்பவரும் மாட்டுப்படுவார்.

இனி விற்கும் முறைக்கு வருவோம். பழ வாசம் மேல் வாசம். பூசியவுடன் முதலில் எழுவதும் அதுதான், முதலில் போவதும் அதுதான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது அடங்க, ரோஜா மேலே வரும். சில மணி நேரத்துக்குப் பின் கஸ்தூரி, வனிலா போன்ற அடி வாசமே மிஞ்சும். போத்தல் மூடியை மணக்கக் கொடுத்துவிட்டு உடனே பில் போடுபவர் பழத்தை மட்டுமே விற்கிறார். வீட்டுக்குப் போன வாடிக்கையாளர், "கடையில மணந்த வாசம் இல்லையே, மாத்தித் தந்துட்டாங்களா?" என்று சந்தேகப்படுவதற்கு இதுவே காரணம். ஒரு கடதாசித் துண்டிலோ மணிக்கட்டிலோ பூசிக் கொடுத்து, "மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் வாங்க, பிடித்தால் எடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் திரும்பி வரமாட்டார்கள்தான். வந்து வாங்கியவர் சண்டைக்கு வரமாட்டார்.

ஸ்பிரே போத்தல்களில் பெரும்பாலும் எதனோல் இருக்கும். பெட்டியில் 'அல்கஹோல் டினேட்' என்று எழுதியிருப்பார்கள். அத்தரில் அது இருக்காது, எண்ணெய் அடிப்படை. அல்கஹோல் வாசத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்பதால், அதே கலவை அத்தராக வரும்போது பழம் சற்று மங்கியும் மெதுவாகவும் தெரியும். இதைப் பயன்படுத்துவது பற்றிக் கேட்கும் வாடிக்கையாளர் மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்வது மட்டும் நமது பொறுப்பு. பெட்டியைப் படிக்காமல் 'அல்கஹோல் இல்லை' என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம்.

பெட்டியைப் படிப்பதில் வேறு பலன்களும் உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருட்களின் பெயரைப் பெட்டியில் போட வேண்டும். ஜெரனியோல், சிற்றனலோல், சிற்றல் என்று காண்பீர்கள். இவை இயற்கை ரோஜா எண்ணெயிலும் உள்ளவை. எனவே 'இயற்கை, அதனால் அலர்ஜி வராது' என்ற பேச்சு தவறு. 'பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோப்பியோனல்' என்ற நீண்ட பெயரையும் நினைவில் வையுங்கள். 2022 மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அது தடை. ஐரோப்பியத் தயாரிப்பு என்று யாராவது மலிவு விலையில் தள்ளிவிடும் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால், அது தடைக்கு முந்திய பழைய சரக்காக இருக்கக்கூடும். விலையைப் பேச முன் அதைப் பாருங்கள்.

பழைய சரக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பல கடைகளில் அழகான போத்தல்களை வீதியைப் பார்த்த கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். வெயிலும் சூடும் சென்டுக்கு எதிரி. முதலில் கெடுவது மேல் வாசம், அதாவது அந்தப் பெண் தேடி வந்த பழ வாசமே. காட்சிக்கு வெறும் பெட்டிகளை வையுங்கள். சரக்கு உள்ளே, இருட்டான, சூடில்லாத அலுமாரியில், பெட்டியோடு இருக்கட்டும். அல்கஹோல் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்கும் மின்சாரப் பெட்டிக்கும் பக்கத்தில் வேண்டாம். டெஸ்டர் போத்தலில் திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். புளித்த வாசம் வந்தால் எறிந்துவிட்டுப் புதியதை வையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? "மகள், இது ரோஜாவும் லிச்சியும் சேர்த்துச் செய்த கலவை. முதலில் பழம் மணக்கும், பிறகு ரோஜா நிற்கும். தனி ரோஜா எண்ணெய் வேணுமென்றால் அது வேறு, விலையும் வேறு." இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.