மான் வேட்டைக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

கேள்வி: அமெரிக்காவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுகிறார்களாமே! இங்கே எதை வாங்கலாம்? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: மான் வேட்டைக் கைத்துப்பாக்கி என்றதும் அமெரிக்காவில் முதலில் நினைவுக்கு வருவது 1955இல் வெளிவந்த .44 மேக்னம் ரிவால்வர். .357 மேக்னமாவது வேண்டும் என்பது அங்குள்ள வேட்டைக்காரர் பலரின் கணக்கு. அதுவும் ஏறக்குறைய 50 கெஜத்துக்குள் நின்று நெஞ்சுக்கூட்டைக் குறிவைத்தால்தான். வலுக்குறைந்த தோட்டா பட்டால் மான் சாகாது, காயத்தோடு புதருக்குள் ஓடிப் பல மணி நேரம் துடிக்கும்.

இந்தியாவில் தனியாருக்கு உரிமத்தின் பேரில் கிடைப்பது பெரும்பாலும் கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர். விசையில் அது .44 மேக்னத்தின் கால்பங்குகூட வராது. தற்காப்புக்கே சுமார்தான்.

எது வாங்கினாலும் மானைச் சுட முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 9 வேட்டையைத் தடை செய்கிறது. கிண்டி தேசியப் பூங்காவில் மேயும் வெளிமான் முதல் அட்டவணை விலங்கு. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். புள்ளிமானுக்கும் தடை உண்டு. துப்பாக்கி அரசுக்குப் போய்விடும். உரிமத்தை ரத்து செய்து, 5 ஆண்டுக்குப் புதிது பெற முடியாதபடியும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

குறிபார்க்கும் ஆசைக்கு ரைபிள் கிளப் இருக்கிறது. அங்கே இலக்கு காகித அட்டை.