ஐயமறக் கூறல்

அமைதியான பொழுதில் ஒரு சொல் பிழைபட்டால், அதனைத் திருத்திக்கொள்ளக் காலம் உண்டு. பலருடைய உயிர் ஒருவர் வாய்ச்சொல்லைப் பற்றி நிற்கும் பணியிடத்திலோ, இடர் சூழ்ந்த வேளையில், சொல்லின் மயக்கமே பேரழிவாய் முடியும். 1977 மார்ச் 27-ஆம் நாள் நிகழ்ந்த டெனெரீஃப் விமான விபத்து இதற்குச் சான்றாகும்.

டெனெரீஃப், ஸ்பெயின் நாட்டுக்குரிய கேனரித் தீவுகளுள் ஒன்று. அன்று அண்டைத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தமையால், அங்குச் செல்லவேண்டிய பெரு விமானங்கள் டெனெரீஃபிலிருந்த சிறு நிலையத்தில் வந்து இறங்கின. மாலையில் மூடுபனி கவிந்தது. ஓடுபாதையோ ஒன்றே. அதன் ஒரு முனையில் டச்சு விமானம் புறப்படக் காத்து நின்றது. அதே பாதையில் அமெரிக்க விமானம் ஊர்ந்து வந்தது. ஒன்றை மற்றொன்று காணவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தாரும் இரண்டையும் காணவில்லை. வானொலிவழி வந்த சொல்லே அனைவர்க்கும் கண்ணாயிற்று.

கோபுரத்தார், வானில் எழுந்தபின் செல்லவேண்டிய வழியை மட்டும் டச்சு விமானத்துக்குக் கூறினர். எழுவதற்கு ஆணை தரவில்லை. விமானத் தலைவரோ ஆணை கிடைத்ததாகக் கொண்டு விமானத்தைச் செலுத்தலானார். எழும் நிலையில் உள்ளோம் என்னும் பொருள்படத் துணை விமானி அறிவித்தார். அது, ‘எழுகின்றோம்’ எனவும், ‘எழுதற்குரிய இடத்தில் நிற்கின்றோம்’ எனவும் இருபொருள் தந்தது. கோபுரத்தார் பின்னதையே கொண்டு, ‘சரி’ என்றனர். உடனே காத்திருக்குமாறும் பணித்தனர். அந்நொடியிலேயே அமெரிக்க விமானமும், தான் இன்னும் பாதையில் இருப்பதை அறிவித்தது. இரு குரலும் மோதி இரைச்சலாயின. டச்சு விமானத்தில் தெளிவாகக் கேட்டது ‘சரி’ என்பது மட்டுமே.

அவ்விமானத்தின் பொறியாளர் ஐயுற்றார். அமெரிக்க விமானம் பாதையை விட்டு நீங்கவில்லையோ என வினவினார். பட்டறிவு மிக்க தலைவர், நீங்கிவிட்டது என உறுதியாக விடையிறுக்கவே, அவர் அமைந்தார். சில நொடிகளில் விமானங்கள் மோதின. 583 பேர் மாண்டனர்.

இதன் பின்னர் வானொலிப் பேச்சின் ஒழுங்கு திருத்தப்பெற்றது. ‘எழுதல்’ என்னும் சொல்லை, அதற்குரிய ஆணையைத் தரும்போதும் விலக்கும்போதும் அன்றி, வேறிடத்தில் வழங்கலாகாது. ‘சரி’ என்று மட்டும் கூறி அமையாது, பெற்ற ஆணையை மீளக் கூறிக் காட்டல் வேண்டும் என்னும் முறைகள் வலுப்பெற்றன. இளையோர் தம் ஐயத்தை அஞ்சாது உரைக்கவும், மூத்தோர் அதற்குச் செவிசாய்க்கவும் விமானப் பணியாளர்க்குத் தனிப்பயிற்சி ஏற்பட்டது.

நன்னூலார், மயங்க வைத்தலையும் கூறியது கூறலையும் நூற்குற்றங்களுள் வைத்து எண்ணினார். இடர்மிக்க பணியில் முன்னது கொடிய குற்றமே; பின்னதோ உயிர்காக்கும் குணமாகின்றது.

மாணவர்களே! நாளை நீங்கள் மருத்துவமனையிலோ, தொழிற்சாலையிலோ, இருப்புப்பாதையிலோ பணிபுரியக்கூடும். அங்கு ஒருபொருளே தரும் சொல்லைத் தேர்ந்து கூறுங்கள். கேட்ட ஆணையை மீளக் கூறி உறுதி செய்யுங்கள். இடர் கண்டவிடத்து, மெல்ல வினவி அடங்காமல், ‘நிறுத்துக’ என வெளிப்பட உரையுங்கள். மூத்தோர்பால் பணிவு வேறு. கண்ட இடரைச் சொல்லாது விடுதல் வேறு.