செலவழுங்கல்: கொள்ளைநோய்க் காலத்தில் குழந்தைகளோடு பயணம்

இன்று நாம் 'பயணம்' என்று வழங்குவதைப் பழந்தமிழர் 'செலவு' என்றனர். பொருள் தேடப் புறப்படும் தலைவன், தலைவியின் துயர் கண்டு புறப்பாட்டை நிறுத்தி வைப்பது 'செலவழுங்கல்' என்னும் துறையாகும். அது போகாமலே விட்டுவிடுதல் ஆகாது; அவளை ஆற்றுவித்துப் பின் போதற்பொருட்டுச் சிறிது தங்குதலே என்று தொல்காப்பியக் கற்பியல் விளக்குகிறது. வகுப்பறையில் மாணவர் இத்துறையைக் காதலின் மென்மையாகவே கொள்வது வழக்கம். 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றைக் கண்டபின் இச்சொல்லை அவ்வளவில் நிறுத்திவிட நமக்கு மனம் வரவில்லை. நோய் பரவும் நாளில் சிறு குழந்தையோடு புறப்பட நினைக்கும் குடும்பத்துக்கு முதற் பாதுகாப்பு செலவழுங்கலே என்பது நம் துணிபு.

இதற்கு இஸ்லாமிய வரலாற்றில் சிறந்ததொரு சான்று உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நாட்டை நோக்கிச் சென்றபோது, 'ஸர்க்' என்னும் இடத்தில் படைத்தலைவர் அபூஉபைதா (ரலி) முதலியோர் எதிர்கொண்டு, சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியைக் கூறினர். கி.பி. 638-639 அளவில் நிகழ்ந்தது இது. கலீஃபா தாமாக முடிவு செய்துவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்; அன்சாரிகளைக் கேட்டார்; இரு சாராரிடையேயும் கருத்து வேறுபட்டது. பின்னர்க் குறைஷி முதியோரைக் கேட்க, அவர்கள் ஒருமுகமாகத் திரும்பிவிடுமாறு கூறினர். இறைவன் விதியிலிருந்தா ஓடுகிறீர் என்று அபூஉபைதா வினவினார். ஓர் இறைவிதியிலிருந்து மற்றோர் இறைவிதிக்கே செல்வதாக உமர் விடையிறுத்தார். அதன் பின்னரே, அப்போது அங்கில்லாதிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து நபிமொழியை எடுத்துரைத்தார். நோய் பரவிய ஊருக்குள் செல்லற்க, இருக்கும் ஊரில் நோய் பரவினால் அதனின்று ஓடற்க என்பது அதன் கருத்து. ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது.

இந்நபிமொழிக்கு இரண்டு பகுதிகள் உண்டு என்பதை நாம் பலகாலும் மறந்துவிடுகிறோம். உள்ளே செல்லாதிருத்தல் தம்மைக் காப்பது. வெளியே ஓடாதிருத்தல் பிறரைக் காப்பது. குழந்தையை அழைத்துக்கொண்டு நோயுள்ள நகரத்தை விட்டுக் கிராமத்துக்கு விரைவோர், குழந்தையைக் காப்பதாகவே எண்ணுவர். ஆனால் அக்குழந்தையே, தன்னிடத்து ஒரு குறியும் தோன்றாத நிலையில், கிராமத்துப் பாட்டிக்கு நோயைக் கொண்டு சேர்த்துவிடலாம். கொரோனா சிறுவரைப் பெரும்பாலும் மெலிதாகவே தாக்கியது. முதியோரைத்தான் கடுமையாகத் தாக்கியது. குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். போவதா இருப்பதா என்று அது முடிவு செய்வதில்லை. அதற்காக நாமே முடிவு செய்கிறோம். ஆகவே வளர்ந்தோர் தமக்காகச் செய்துகொள்ளும் முடிவினும் இதற்குப் பொறுப்பு மிகுதி.

நம் கடலூர் மாவட்டத்தில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. 2020 ஏப்ரல் இறுதியில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியது. அங்குச் சுமை தூக்கியும் கடைகளில் பணிபுரிந்தும் வாழ்ந்த நம் மாவட்டத்தார் பலர் கிடைத்த வண்டிகளில் ஊர் திரும்பினர். மே 4ஆம் நாள் ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. மறுநாள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. திரும்பியோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. வேலையும் உறைவிடமும் இழந்தவன் தன் ஊரை நாடாமல் வேறெங்குச் செல்வான்? நாம் சுட்ட விரும்புவது நோய் சென்ற வழியை மட்டுமே. அது மனிதர் சென்ற வழியிலேயே சென்றது.

அரசும் அவ்வழியை அடைக்கவே முயன்றது. சூன் 1 அன்று பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது மாநிலம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கொள்ளிடம் ஆறு ஓர் எல்லையாயிற்று. சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் இடைத்தொலைவு இருபது கிலோமீட்டர் அளவே. ஆயினும் ஆற்றைக் கடக்க இ-பாஸ் தேவைப்பட்டது. திருமணம், இறப்பு, மருத்துவம் போன்ற காரணங்களுக்கே அது வழங்கப்பட்டது. மாநிலத்துக்குள் இம்முறை செப்டம்பர் 1 அன்று நீங்கியது. இதனைப் புதுமை என்று பலர் எண்ணினர். பிளேக் நோய்க் காலத்தில், நூறாண்டுகளுக்கு முன்பே, சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்னும் சீட்டு வழக்கில் இருந்தது. நோயுள்ள ஊரிலிருந்து வருவோர் பத்து நாள் அதிகாரியிடம் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு மே 25 அன்று வந்த ஈகைப் பெருநாளில் நம் மக்கள் இல்லங்களிலேயே தொழுதனர். புத்தாடை அணிந்த பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குச் செல்லவில்லை. ஹஜ் கடமைக்கும் அவ்வாண்டு வெளிநாட்டார்க்கு இடமில்லை. சவூதியில் வசித்தோருள் ஒரு சிறு தொகையினரே நிறைவேற்றினர். மாபெரும் செலவே அழுங்கிற்று எனில், கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டைக்குச் செல்லும் விருந்துப் பயணத்தை ஒத்திவைப்பதில் குறையொன்றும் இல்லை. தொல்காப்பியர் கூறிய ஆற்றுவித்தல் இங்கும் வேண்டும். காத்திருக்கும் பாட்டிக்குத் தொலைபேசியில் காரணத்தைப் பொறுமையாகச் சொல்லுதல் வேண்டும். குழந்தை மழலை பேசுவதை அவர் கேட்டால் பாதி வருத்தம் தீரும்.

இனி, தவிர்க்கவியலாத பயணத்தை நோக்குவோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முகக்கவசம் பரிந்துரைக்கப்படவில்லை என்பது நடுவண் அரசின் வழிகாட்டுதல். ஆறு முதல் பதினொரு வயதினர் பெற்றோர் கண்காணிப்பில், அவரவர் இயல்புக்கேற்ப அணியலாம். கைக்குழந்தையின் முகத்தை மூடுதல் மூச்சுத் திணறலுக்கு இடமாகும். எனவே குழந்தைக்குரிய கவசத்தை உடன் வருவோர் அனைவரும் தம் முகத்தில் அணிந்துகொள்ள வேண்டும் என்பதே முறை. குளிரூட்டிய வண்டியைக் காட்டிலும் சாளரம் திறந்த வண்டி நன்று. காற்றோட்டம் இருந்தால் நோய்க்கிருமி ஓரிடத்தில் தேங்காது. கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இத்தொலைவைக் கூட்டம் குறைந்த முற்பகல் நேரத்தில் கடந்துவிடலாம். அலுவலக நேரத்துப் பேருந்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. குழந்தை பேருந்தின் கம்பியைப் பிடிக்கும், அக்கையை வாயில் வைக்கும். இதனை அதட்டித் தடுக்க முடியாது. இறங்கியவுடன் சோப்பிட்டு இருபது நொடி கை கழுவுவதே செய்யத்தக்கது. கொதித்தாறிய நீரும் வீட்டு உணவும் கையோடு இருக்கட்டும். தாய்ப்பால் எக்காரணத்தாலும் நிறுத்தத்தக்கதன்று. தாய்க்கே தொற்று இருப்பினும் முகக்கவசம் அணிந்து, கை கழுவிப் பாலூட்டலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தியது.

அழுங்கக் கூடாத செலவுகளும் உண்டு. தடுப்பூசிக்காக நலவாழ்வு நிலையத்துக்குச் செல்வது அவற்றுள் முதன்மையானது. அச்சத்தாலும் ஊரடங்காலும் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசிகளைத் தவறவிட்டனர். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களிலும் ஒன்பது மாதம் நிறைந்தபோதும் இடவேண்டிய ஊசிகளை எந்தப் பெருந்தொற்றின் பொருட்டும் தள்ளிப் போடலாகாது. மற்றொன்று, மூச்சு விரைதல். குழந்தை அமைதியாக இருக்கும் வேளையில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்தாண்டு வரை 40 என்னும் அளவை எட்டினாலோ கடந்தாலோ, மூச்சு இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ காத்திருத்தல் கூடாது. கடலூரில் உள்ளோர்க்கு மஞ்சக்குப்பத்துத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் உள்ளோர்க்கு, முன்னர் இராசா முத்தையா மருத்துவமனை என வழங்கிய அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. வண்டி இல்லையேல் 108ஐ அழைத்தல் வேண்டும். அழைக்கும்போதே குழந்தையின் வயதையும், எண்ணிய மூச்சின் அளவையும், வீட்டில் வேறெவர்க்கேனும் காய்ச்சல் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நன்று.