புரதத்துட் பொருள்கோள்

நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் தம்முட் கூடுவதைப் புணர்ச்சி என்பர் இலக்கண நூலார். இஃது அடுத்தடுத்து நிற்குஞ் சொற்களின் உறவு. செய்யுளிலே இதனின் வேறான உறவொன்றும் உண்டு. முதலடியிற் கிடக்குஞ் சொல் ஈற்றடியிற் கிடக்குஞ் சொல்லோடு சென்று கூடினாலன்றிப் பொருள் முடியாத பாட்டுக்கள் பல. சொற்கள் அவ்வாறு கூடும் முறையைப் பொருள்கோள் எனப் பெயரிட்டு, நன்னூலார் அதனை எட்டு வகையாக வகுத்தார். பரீட்சைக்கு மனனஞ் செய்யப்பட்டுப் பரீட்சை முடிந்ததும் மறக்கப்படும் பகுதிகளுள் இஃதும் ஒன்று என்பதை இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் மறுக்கார். ஆயினும், நம் உடம்பின் தசை, எலும்பு, குருதி முதலியவற்றிற் பயிலும் புரதங்களின் அமைப்பை ஆராய்வோர் செய்வதும் ஒருவகைப் பொருள்கோள் ஆராய்ச்சியே. அதனைத் தமிழ் கற்றார்க்கு விளங்குமாறு எடுத்துரைத்தல் ஈண்டு எம் நோக்கம்.

புரதம் என்பது அமினோவமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. பொதுவாகப் புரதங்களில் வழங்கும் அமினோவமிலங்கள் இருபது வகையின. இருபது எழுத்துக்கள் கொண்ட ஒரு நெடுங்கணக்கு என்று இவற்றைக் கொள்ளலாம். ஓர் அமினோவமிலம் அடுத்ததனோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு நீங்கிவிடுகின்றது. கெடுதல் விகாரத்தை இது நினைவூட்டும். நீர் நீங்கியபின் சங்கிலியில் எஞ்சி நிற்கும் பகுதியை எச்சம் என்கின்றனர். பொருத்தமான பெயர். பெயரெச்சமும் வினையெச்சமும் பிறிதொரு சொல்லை அவாவி நிற்பதுபோல, இவ்வெச்சமும் பிற எச்சங்களை அவாவியே நிற்கின்றது. எண்ணெய்போல நீரொடு சேராத எச்சங்கள் தம்முள் ஒன்றையொன்று நாடி உள்ளே ஒதுங்கும். நேர்மின் கொண்டது எதிர்மின் கொண்டதை நாடும். இவ்வீர்ப்புக்களாற் சங்கிலி மடிந்து ஓர் உருவம் பெறுகின்றது. அவ்வுருவமே பெரும்பாலும் அதன் தொழிலுக்குக் காரணம். மடிந்த நிலையில், சங்கிலியின் 10ஆம் எச்சமும் 90ஆம் எச்சமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடத்தல் கூடும்.

தொட்டுக்கொண்டு என்றோம். எவ்வளவு நெருங்கினால் அது தொடுதல்? எவ்வளவுக்கு மேல் நெருங்குதல் இயலாது? புரதச் சங்கிலியைப் பற்றிய இவ்வினாவைத் துருவி ஆராய்ந்தவர்கள் நமக்கு அண்மையிலுள்ள சென்னையில் இருந்தார்கள்.

எர்ணாகுளத்திற் பிறந்த கோ. நா. இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது முப்பது. அவ்வாண்டு அங்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி பேர்னல், தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்திருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளியப்படவில்லை எனக் கூறினார். அயலிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதன் எக்ஸ்கதிர்ப் படங்களை ஆராய்ந்து, இராமச்சந்திரனும் கோபிநாத கர்த்தாவும் 1954இல் மூன்று சங்கிலிகள் சேர்ந்த ஓர் அமைப்பை வெளியிட்டனர். 1955இல் அதனைத் திருத்தி, மூன்றும் முறுக்கிக்கொண்ட வடிவமாகக் காட்டினர்.

தென்னை செழித்த பச்சிலைப்பள்ளியாருக்கு இவ்வமைப்பை விளக்கப் படம் வேண்டா. தும்புக் கயிறு போதும். கயிறு திரிப்போர் புரியை ஒருபுறமாக முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது மறுபுறமாக முறுக்குவர். அதனாலன்றோ கயிறு தானே கழன்றுவிடாது நிற்கின்றது! கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடம்புரி. மூன்றும் சேர்ந்த முறுக்கோ வலம்புரி. இனி, முப்புரியின் நடுவிலே இடம் மிகக் குறுகியது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது எச்சந்தோறும் அந்நடுவிடத்தை நோக்கி வருகின்றது. அங்கே வருவது எச்சங்கள் எல்லாவற்றுள்ளும் சிறியதான கிளைசீன். அதன் பக்கத்தில் நீண்டிருப்பது ஓர் ஐதரசன் அணு மட்டுமே. கொலாஜனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கிளைசீன் என்பது முன்னரே இரசாயனப் பகுப்பாலறிந்த செய்தி. ஏன் அவ்வாறு என்பது இப்போது விளங்கிற்று. வேறெதுவும் அங்கே அடங்காது. ஓரிடத்துக் கிளைசீன் போய்ப் பெரியதோர் எச்சம் அங்கே புகுமாயின் முறுக்குக் குலைகின்றது. சிறு தாக்குதலாலும் என்பு முறியும் பிறவிநோய் பலர்க்கு வருவது இவ்வாறே. கடுமையான வகையிற் குழந்தை பிறக்குமுன்னரே என்புகள் முறிவதுண்டு.

சென்னையார் கூறிய அமைப்பை இங்கிலாந்திலிருந்து ரிச், கிறிக் என்னும் இருவர் 1955இல் மறுத்தனர். மூன்று சங்கிலிகள் என்பதில் மறுப்பில்லை. சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்பதும், மும்மூன்று எச்சங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு அமையாது, ஒன்றே அமையும் என்பதும் அவர் வாதம். கிறிக் என்பார் மரபணுவின் ஈரிழை அமைப்பை 1953இல் வற்சனோடு கண்டு புகழ்பெற்றவர். அவர் வாக்கை மறுத்துரைத்து ஒரு கடிதம் எழுதி அமைதல் எளிது. இராமச்சந்திரன் செய்தது வேறு. அதுகாறும் வெளிவந்த பளிங்கமைப்புக்களை எடுத்து, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் இடையில் உண்மையிற் காணப்படும் மிகக் குறைந்த தூரம் யாது என அளந்து பட்டியலாக்கத் தொடங்கினார். அங்ஸ்றோம் என்பது ஒரு சதமமீற்றரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. பிணைப்பில்லாத இரு காபன் அணுக்கள் 3.2 அங்ஸ்றோம் வரை இயல்பாக நெருங்கலாம். மிக அருகி 3.0 வரை. ஐதரசனுக்கும் ஐதரசனுக்கும் இவ்வெல்லைகள் 2.0, 1.9.

இவ்வெல்லைகளைக் கொண்டு, இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்போரோடு சேர்ந்து, சங்கிலி தன் ஒவ்வோர் எச்சத்திலும் எவ்வெக் கோணங்களில் திரும்பலாம் எனக் கணித்தார். கோணம் இரண்டு; ஆகலின் ஒரு சதுரத் தாளில் அனைத்தையும் காட்டிவிடலாம். அணுக்கள் முட்டும் இடங்களை நீக்கினால், தாளின் பெரும்பகுதி நீங்கி, சில தீவுகளே எஞ்சின. 1963இல் வெளிவந்த இப்படம் உலகெங்கும் இராமச்சந்திரன் படம் என்றே வழங்குகின்றது. புதிதாகக் காணப்படும் புரத அமைப்புக்களை இன்றும் இதன்மேல் வைத்தே சோதிக்கின்றனர். ஐதரசன் பிணைப்பைப் பொறுத்தவரை, பிற்காலத்து நுண்ணிய அமைப்புக்கள் மும்மூன்று எச்சங்களுக்கு ஒன்றையே நேரிற் காட்டின. அவ்வகையில் வென்றவர் மறுத்தோர். ஆயினும் அம்மறுப்பு எழாதிருப்பின் இப்படம் எழுந்திருக்குமோ என்பது ஐயமே.

மேற்கூறியது அணுவுக்கு அணு நிகழும் நெருக்கம். எச்சத்துக்கு எச்சம் நிகழும் தொடர்பை ஆராயும்போது சற்றுப் பருமையான அளவுகோல் போதும். ஒவ்வோர் எச்சத்தின் நடுக்காபனையும் எடுத்து, இரண்டிற்கும் இடைத்தூரம் 8 அங்ஸ்றோமுக்குள் இருந்தால் தொடர்பு உண்டு என்பது வழக்கமான ஒரு முறை. மாணவர் ஒரு சதுரக் கோட்டுத் தாளை எடுத்து, மேலேயும் பக்கத்திலேயும் எச்சங்களின் எண்களை வரிசையாக எழுதி, தொடர்புடைய இரண்டின் எண்கள் சந்திக்கும் கட்டத்தைக் கறுப்பாக்குக. மூலைவிட்டத்தை ஒட்டிக் கறுப்பன எல்லாம் அயலெழுத்துக்களின் உறவு, புணர்ச்சி எனலாம். ஒவ்வோர் எச்சமும் தனக்கு நான்காவதாக வருவதைப் பற்றும் சுருள்வடிவம் மூலைவிட்டத்தின் அருகே ஒரு தடித்த கரையாகத் தோன்றும். சங்கிலி சென்று, திரும்பி, தன் பக்கத்திலேயே எதிர்முகமாக வருமாயின், மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு எழும். வளையுட் புகும் பாம்பு தலை மடங்கி வருவதாகிய அளைமறிபாப்பு இதுவே. முதலெச்சமும் கடையெச்சமும் தொட்டால் தாளின் மூலைக்கட்டம் கறுக்கும். அது விற்பூட்டு. எங்கெங்கோ சிதறிக் கறுத்தவை கொண்டுகூட்டு.

கொண்டுகூட்டுப் பாட்டுக்குப் பொருள் காண நேரம் செல்லும், புரதமும் அப்படியே. தொலைவெச்சங்கள் தம்முட் கூடும் புரதங்கள் மெதுவாக மடிகின்றன என்பதை அமெரிக்காவிற் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் என்போர் 1998இற் காட்டினர். பாரதிதாசன் பல்கலைக்கழகத்துச் செல்வராஜும், பின்னாளிற் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியரான மைக்கேல் கிரோமிகாவும், சங்கிலியிற் பன்னிரண்டு எச்சங்களுக்கு மேல் விலகி நின்றும் தம்முட் கூடுவனவற்றை மட்டும் எண்ணி, சங்கிலியின் நீளத்தால் வகுத்து, அவ்வெண் மிகுதோறும் மடிதல் தாமதமாகும் என 2001இல் வெளியிட்டனர்.

உருவம் அறியப்படாத புரதத்தில் எவை எவற்றோடு தொடும் என்பதை அறிதல் எப்படி? ஏடு ஒப்புநோக்குவோர் வழி இதற்கு உதவிற்று. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடுகளை ஒப்பிட்ட நாளை எண்ணுக. முதலடியின் இரண்டாம் எழுத்து மாறிய பிரதியில் அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தும் உடன்மாறி இருந்தால், அவ்விரண்டும் எதுகையாற் கட்டுண்டவை என்பது புலப்படும். ஒரே புரதத்தை மீன், கோழி, மாடு, மனிதர் எனப் பல உயிர்களிடத்து எடுத்து ஒப்பிட்டு, உடன்மாறும் எச்சங்களைக் கண்டால், அவை தொட்டுக்கொண்டிருக்கலாம் என ஊகிக்கலாம். இத்தகைய ஒப்பீட்டையும் கணினியையும் இணைத்த முறை 2020இற் பெருவெற்றி கண்டது. 2024இன் இரசாயன நோபல் பரிசு அதற்காக ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும், புதுப்புரதம் வகுத்தமைக்காக மேற்சொன்ன பேக்கருக்கும் கிடைத்தது.

தொடக்கூடாத தொடுகை ஒன்று உண்டு. அரிவாளுருக் குருதிநோயில், ஈமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 6ஆம் இடத்துக் குளூற்றாமிக்கமிலம் வலீனாக மாறியுள்ளது என இங்கிராம் 1957இற் காட்டினார். நீரொடு சேராத அவ்வலீன், ஒட்சிசன் குறைந்த வேளையில், அயலிலுள்ள மற்றோர் ஈமோகுளோபினின் 85ஆம், 88ஆம் எச்சங்களுக்கிடையிலுள்ள பள்ளத்திற் சென்று பதிகின்றது. ஒன்றையொன்று பற்றி அவை நீண்ட நாராகத் திரள, குருதிக்கலம் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றது. தென்னிந்தியாவில் இவ்வியல்பை 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடத்துக் கண்டறிந்தனர். கருவிலிருக்கும் குழந்தையின் ஈமோகுளோபின் வேறு வகையினது; அப்பள்ளத்தை அடுத்த 87ஆம் இடத்தில் அது வேறோர் எச்சத்தைக் கொண்டிருப்பது நார் திரளாமைக்கு ஒரு காரணம். பிறந்து சில மாதம் வரை நோய் தலைகாட்டாதது அதனாலேயே. அக்குழந்தைப் பருவத்து ஈமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்யும் மரபணுச் சிகிச்சை ஒன்று 2023இற் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. பிழைபட்ட எழுத்து பிழைபட்டபடியே நிற்க, அது சென்று தொடுவதை மட்டும் இச்சிகிச்சை தடுக்கின்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். நீலகிரி மலைக்குடியிற் பிறந்த நோயாளிக்கு அஃது எட்டும் விலையன்று.