நிற்கிற வண்டியைக் கடக்கும் முன்: ஆடித்தவசு நாட்களுக்கான சாலை ஆலோசனை

ஆடித்தவசுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரன்கோவிலுக்கு வரும் சாலைகள் இருபுறமும் வண்டிகளால் கரை கட்டிக்கொள்ளும். திருநெல்வேலி, ராஜபாளையம், புளியங்குடி, கழுகுமலை என்று எந்தப் பக்கமிருந்து நுழைந்தாலும் வேனும் லோடு ஆட்டோவும் டிராக்டர் டிரெய்லரும் வரிசையாக நிற்கும். விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் தவசுப் பந்தலில் சூறைவிடக் கொண்டுவரும் விவசாயக் குடும்பங்கள் அந்த வண்டிகளிலிருந்துதான் இறங்குகின்றன. கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்ற ஊர் இது. பக்தர்களின் வண்டிகளோ ஒரு சக்கரம் மண்ணிலும் மூன்று சக்கரம் தாரிலுமாக நிற்கின்றன.

இந்த வரிசையை ஒட்டி வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கானது இந்த ஆலோசனை. ஓடுகிற வண்டியைப் பார்த்தால் தானாகவே எச்சரிக்கையாகிவிடுகிறோம். நிற்கிற வண்டியை மரத்தைப் போல, மைல் கல்லைப் போல எண்ணிக் கடந்துவிடுகிறோம். மரத்திலிருந்து கதவு திறக்காது, மைல் கல்லுக்குப் பின்னாலிருந்து பிள்ளை ஓடிவராது என்பதை மறந்துவிடுகிறோம்.

2023 செப்டம்பர் 11 அதிகாலையில் திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே நடந்ததை நினைத்துப் பாருங்கள். பேரணாம்பட்டு பக்கத்து ஊர்க்காரர்கள் தர்மஸ்தலம் போய்விட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலையில் வேன் பழுதாகி நின்றது. பயணிகள் இறங்கிச் சாலை நடுத்திட்டில், வேனுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த சரக்கு வண்டி வேன் மீது மோத, வேன் முன்னே பாய்ந்தது. ஏழு பெண்கள் இறந்தார்கள். அதற்கு ஐந்து நாள் முன்புதான், செப்டம்பர் 6 அன்று, சேலம் மாவட்டம் சங்ககிரி அருகே சாலையோரம் நின்ற லாரியில் ஆம்னி வேன் மோதி, ஒரு வயதுக் குழந்தை உள்பட ஆறு பேர் போனார்கள். 2025 நவம்பர் 2 அன்று ராஜஸ்தானின் பலோதியில் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் வேன் நின்றிருந்த டிரெய்லரில் மோதியதில் இறந்தவர்கள் பதினைந்து பேர். இந்த மூன்று இடங்களிலும் மோதப்பட்ட வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க, ஈரமில்லாத நல்ல சாலையில் இன்னும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகமொத்தம் ஐம்பது மீட்டரை நெருங்குகிறது. டிம் லைட்டின் வெளிச்சம் போகும் தூரமும் சுமாராக அவ்வளவுதான். எண்பதில் வந்தால் எழுபது மீட்டருக்கு மேல் தேவை. அதாவது விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர் கண்ணில் படும்போதே நேரம் கடந்திருக்கும். எனவே இந்தச் சாலைகளில் இரவு நேரத்தில் டிம்மில் வரும்போது ஐம்பதைத் தாண்டாதீர்கள். எதிர்வண்டியின் பிரைட் லைட் கண்ணைக் கூசவைத்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். அந்த இருட்டுக்குள் என்ன நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பகலில் கடக்கும் முறை வேறு. தூரத்தில் நிற்கிற வண்டியைக் கண்டதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் பின்னால் பார்த்து, வலது இண்டிகேட்டர் போட்டு, எதிரே சாலை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். தடை உங்கள் பக்கத்தில் இருந்தால் காத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான், எதிரே வருகிறவர் இல்லை. நம் ஊரில் இந்த ஒன்றைத்தான் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. லைட்டை இரண்டு தடவை அடித்துவிட்டால் வழி தனக்கே சொந்தம் என்று இரண்டு பேருமே நினைக்கிறார்கள். ஹாரனும் அப்படித்தான்: அது நீங்கள் வருவதைச் சொல்லும், வழி வாங்கித் தராது.

கடக்கும்போது நிற்கிற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கதவு முழுதாகத் திறக்குமளவு இடம் விடுங்கள். ஒரு மீட்டராவது வேண்டும், பைக்கில் வருகிறவர்களுக்கு ஒன்றரை இருந்தால் நல்லது. அவ்வளவு இடமில்லாத குறுகிய சாலை என்றால், ரதவீதிப் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான், நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். டிரைவர் சீட்டில் தலை தெரிகிறதா, பிரேக் லைட் எரிகிறதா, முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் திரும்பியிருந்தால் அந்த வண்டி இப்போதே கிளம்பப் போகிறது. வண்டிக்கு அடியில் அந்தப் பக்கத்துக் கால்கள் தெரிகின்றனவா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பழைய லாரி டிரைவர்கள் பலருக்கு இது கை வந்த பழக்கம்.

பஸ் நிற்கும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, பைக்கில் வருகிறவர்கள் பஸ்ஸுக்கு இடப்பக்கம் புகுந்து போவது. படிக்கட்டு இருப்பதே அந்தப் பக்கம்தான். இறங்குகிறவர் தரையைப் பார்த்துத்தான் காலை வைப்பார், உங்கள் பைக்கைப் பார்த்து இல்லை. பஸ் நின்றால் அதன் இடப்பக்கம் சாலையே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது, வலப்பக்கமாக ஒரே மூச்சில் கடந்துவிடுவது. இறங்கியவர்கள் பஸ்ஸின் மூக்கை ஒட்டித்தான் சாலையைக் கடப்பார்கள். பின்னால் வருகிற உங்களுக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் உங்களைத் தெரியாது. அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால், நடுத்திட்டு இல்லாத சாலையில் இருபக்க வண்டிகளும் நின்றாக வேண்டும். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூட வேனுக்குப் பின்னால் அரை நிமிடம் நிற்பதற்குச் சட்டம் எதற்கு?

இந்தப் பருவத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, காற்று. ஆடியில் மேற்கிலிருந்து கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் இந்த மாவட்டத்தின் காற்றாலைகள் சுற்றுகின்றன. திருநெல்வேலி - சங்கரன்கோவில் - ராஜபாளையம் சாலை ஏறத்தாழ தெற்கு வடக்காக ஓடுகிறது. ஆக, காற்று சாலைக்குக் குறுக்கே அடிக்கிறது. வடக்கு நோக்கிப் பைக்கில் வருகிறவருக்கு அது இடக்கைப் பக்கம். சாலையோரம் நிற்கும் பெரிய லாரி சற்று நேரம் காற்றை மறைக்கும். அது தாண்டியதும் காற்று மொத்தமாக வந்து வலப்பக்கம், எதிர்வண்டியின் பாதையில், தள்ளிவிடும். தெற்கு நோக்கிப் போகிறவரை அதே காற்று நிற்கிற வண்டி மீதே சாய்க்கும். லாரியைக் கடக்கும் இடத்தில் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, நாற்பதுக்குள் போவது நல்லது. பின்சீட்டில் பூக்கூடையோ மூட்டையோ இருந்தால் இன்னும் குறையுங்கள். மூட்டையும் காற்றைப் பிடிக்கும் பாய்தான்.

புளியங்குடிப் பக்கம் மாலையில் போகிறவர்களுக்குச் சூரியன் நேர் எதிரே இறங்கும். அந்த வெளிச்சத்தில் நிற்கிற வண்டி, ஓடுகிற வண்டி இரண்டும் ஒரே கருப்பாகத் தெரியும். தவசுக் காட்சி மாலையில் என்பதால் அந்த நேரத்தில்தான் கூட்டமும் அதிகம். கண்ணாடித் தூசியைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நிறுத்துகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு. 1989இல் வந்து 2017இல் மாற்றி எழுதப்பட்ட ஓட்டுநர் விதிமுறைகள் வளைவு, பாலம், சந்திப்பு, பஸ் நிறுத்தம் ஆகிய இடங்களின் அருகேயும், நிற்கிற வண்டிக்கு இணையாகவும் நிறுத்துவதைத் தடுக்கின்றன. திருவிழா நாளில் இந்தக் கடைசி விதிதான் அதிகம் மீறப்படுகிறது. "ரெண்டு நிமிசம் அண்ணே, இந்தா எடுத்துருவேன்" என்று இரண்டாம் வரிசையில் நிறுத்தும் ஒரு லோடு ஆட்டோ போதும், இருவழிச் சாலை ஒருவழியாகிவிடும்.

வண்டி பழுதானால் நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். முடிந்தவரை தாரை விட்டு இறக்கி நிறுத்துங்கள். சிவப்பு முக்கோணப் பலகையை ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். வண்டியை ஒட்டி வைத்தால் பயனில்லை. பிரிட்டன் சாலை விதிநூலும் குறைந்தது 45 மீட்டர் என்றே சொல்கிறது. ஆட்களை வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ உட்காரவைக்காமல், சாலையை விட்டு விலக்கி வயல் பக்கம் கொண்டுபோங்கள். நாட்றம்பள்ளியில் அந்தப் பெண்கள் வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

காரின் வலப்பக்கக் கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். உடல் தானாகத் திரும்பும், பின்னால் வருகிற பைக் கண்ணில் படும். நெதர்லாந்துக்காரர்களின் இந்தப் பழக்கத்தை பிரிட்டன் 2022இல் தன் விதிநூலில் சேர்த்தது.

விபத்து இடத்தில் 108 ஆம்புலன்ஸோ போலீஸ் வண்டியோ விளக்கு எரிய நின்றால் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இடம் இருந்தால் ஒரு தடம் விலகிப் போங்கள். அமெரிக்காவில் 1996இல் தென் கரோலினாவில் தொடங்கி, 2012க்குள் ஐம்பது மாநிலங்களும் இதைச் சட்டமாக்கிவிட்டன. தென் ஆஸ்திரேலியாவில் அந்த இடத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். நம் சட்டத்தின் 194-இ பிரிவு, வருகிற ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் வைக்கிறது. நின்று வேலை செய்கிற ஆம்புலன்ஸை ஒட்டிப் பறப்பவரைப் பற்றி அது தனியாக ஒன்றும் சொல்லவில்லை. இது சட்டத்தில் உள்ள ஓட்டைதான். அடைக்கப்பட வேண்டும். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கத் தயங்க வேண்டாம். உதவ வருகிறவரைச் சட்டத்தின் 134-ஏ பிரிவு காக்கிறது. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள்.

கடைசியாக லாரிக்காரர்களுக்கும் டிராக்டர்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழுதான வண்டிக்குப் பின்னால் உடைமரக் கொப்பையும் நாலு பெரிய கல்லையும் போட்டுவைப்பது நம் பக்கத்து வழக்கம். முக்கோணம் இல்லாதபோது பகலில் அது உதவவும் செய்கிறது. ஆனால் டயரை மாற்றியதும் வண்டி போய்விடுகிறது, கல் அங்கேயே கிடக்கிறது. ராத்திரியில் பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது. கிளம்பும் முன் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள்.